ரோஸ் மிதவைக்கு ஒரு போட்டோ

1

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை, காசிமேடு. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. ஃபைபர் படகுகள் மட்டும் கடலுக்குப் போய்வந்தன.

2

இந்தக் கதை கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். படகுகளின் நிறங்களைப் படமெடுக்க, திருநின்றவூரிலிருந்து பீச் ரயிலில் போயிருந்தேன். நீலப் படகு, மஞ்சள் மிதவை என்று எதைக் குறிவைத்தாலும் நடுவில் ஒரு பெண் வந்து நின்றாள், கையில் செல்போனோடு.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'கடலின் முன் மெய்மறந்து நின்ற அவள் கண்களில்...'

(வேண்டாம். அவள் கடலைப் பார்க்கவே இல்லை. மிதவைகளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள்.)

3

பெயர் ஃபஸீலா. வீடு பூந்தமல்லி. மண்ணூர்பேட்டையில், மீன்வலையில் கட்டும் பிளாஸ்டிக் மிதவையும் குடமும் வார்க்கும் ஒரு பட்டறையில் நிறம் கலக்கிறாள். போன மாதம், குடத்துக்கு வைத்திருந்த நிறப்பொடியை மிதவைக்குப் போட்டுவிட்டாள். ஆரஞ்சாக வர வேண்டியவை ரோஸ் நிறத்தில் விழுந்தன. ஒரு மூட்டை மட்டும் காசிமேட்டுக்குப் போனது. மிச்ச மூட்டைகளை மறுநாள் திங்கட்கிழமை கிரைண்டரில் அரைத்துவிடச் சொன்னார் முதலாளி தமிழரசு.

"எவனாவது இத்த வலைல கட்டிகீறான்னு போட்டோ காட்டு, உட்டுடறேன்" என்றாராம்.

இங்கே எனக்கொரு சந்தேகம். இதற்காக ஒருத்தி தன் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பாளா? நீங்கள் நம்புவீர்களா? அவளிடமே கேட்டேன்.

"நல்லாகீது சார் அந்தக் கலர்."

இதைவிடப் பெரிய காரணமாக நான் எழுதிய பத்தியை அடித்துவிட்டேன்.

4

உதயகுமார் என்ற மீனவரின் ஃபைபர் படகில் வலைக் குவியலின் மேல் ரோஸ் மிதவைகள் கிடந்தன. பார்த்ததும் ஃபஸீலா படகில் தாவி ஏறினாள்.

"செருப்பக் கழட்டுமா. படகு இது, பஸ்ஸு இல்ல" என்றார் உதயகுமார்.

அவள் கழற்றி என்னிடம் நீட்டினாள். (இந்தக் கதையில் ஆசிரியரின் பங்கு இதுவே.)

போட்டோ என்றதும் படகிலிருந்த நால்வரும் வரிசையாக நின்றார்கள். ஒருவர் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஒருவர் தலை சீவினார். படத்தில் நாலு சிரிப்பு விழுந்தது. மிதவை ஒன்றுகூட இல்லை.

"கொஞ்சம் நவுருங்கண்ணே. மிதவை தெரியல."

"மிதவைக்கா போட்டோ? அப்ப நாங்க இன்னாத்துக்கு?" என்றான் கிஷோர், தலை சீவியவன்.

"அந்த ரோஸ் நான் கலந்தது."

உதயகுமார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா அது? கல்யாணத்துக்குப் போறியாடான்னு கரையே சிரிச்சுதும்மா."

ஃபஸீலாவின் முகம் சுருங்கியது.

"சிரிக்கட்டும்" என்றார் உதயகுமார். "ஆரஞ்சு எல்லார்கிட்டயும் கீது. இது மெதந்தா என் வலைன்னு தூரத்துலயே தெரியுது. இன்னும் கீதா உங்காண்ட?"

"மூட்டை மூட்டையா கீதுண்ணே."

கிஷோர் ஒரு மிதவையைத் தலையில் வைத்துக்கொண்டான். சட்டை போட்டவர் இன்னொன்றைக் கைக்குழந்தைபோல் ஏந்தினார். சிரிப்பில் ஃபஸீலாவின் கை ஆடி முதல் இரண்டு படங்கள் கலங்கிவிட்டன. அடுத்தது தெளிவாக வந்தது. என் கேமராவில் அந்தப் படம் இல்லை. கையில் செருப்பு இருந்தது.

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

(அ) தமிழரசு படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார்.

(ஆ) "கையில புடிச்சிகினு நிக்கிறான், வலைல எங்க கட்டிகீறான்?" என்று கேட்டுவிட்டு, கடைசியில்...

எதையாவது நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிறுத்தப் பார்த்தேன். செவ்வாயன்று ஃபஸீலா போன் செய்துவிட்டாள். முதலாளி முகம் எப்படியிருந்தது என்று அவள் சொல்லவில்லை. அதை மட்டும் உங்களிடம் விடுகிறேன்.

திங்கட்கிழமை கிரைண்டரில் ஆரஞ்சுக் கழிவு மட்டும் அரைக்கப்பட்டது.