நிறுத்தி வைத்துப் பார்த்தது

பள்ளிகொண்டா தாண்டி மேடு ஏறும்போது டாக்சி இரண்டு முறை குலுங்கி, படபடவென்று வெடித்து, அப்படியே நின்றுவிட்டது. பின்சீட்டில் இன்பத்தின் தலை முன்னால் சரிந்தது. பக்கத்தில் இருந்த தங்கை பொன்மலர் அதைத் தாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இன்பத்தின் உயிர் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

பிணத்தைப் படுக்கவைத்து ஏற்றினால் எந்த டாக்சியும் வராது. அதனால் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து தூங்குகிறவளைப் போல உட்காரவைத்து மாதனூருக்குக் கொண்டுபோனார்கள். எல்லாரும் செய்வதுதான். டிரைவர் மூர்த்திக்கும் தெரியும். தெரியாத மாதிரி ஓட்டிவந்தான்.

"நாலு மணிக்கு சர்ச்சு ஐயரு ஜெபம் பண்ண வந்துடுவாரு மாமா," என்றாள் பொன்மலர்.

இன்பத்தின் புருஷன் தேவானந்தம் முன்சீட்டிலிருந்து இறங்கினார். ஆம்பூரில் இருபது வருஷமாக மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். அங்கே கார் வைத்திருப்பவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் கம்மி.

"நேத்துதான் கார்பரேட்டரக் கழட்டிக் கழுவினேங்க," என்றான் மூர்த்தி. "நிக்கிறப்ப இன்ஜின் கும்முனு ஓடுது. மேடு வந்தாத்தான் பேஜார் பண்ணுது."

"பெட்ரோல் வரலன்னா மெள்ள மெள்ள அடங்கும். இது சட்டுனு அறுக்குது. கரண்டுதான்."

பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தார். உள்ளே மயிரிழை மாதிரி ஒரு விரிசல், கறுத்துப்போய்.

"இன்னா பாத்த நீ? லோடு ஏறினா கரண்டு இதுல ஓடிப்பூடுது. நிக்கவெச்சிப் பாத்தா எப்பிடித் தெரியும்? மேடு வந்தா முடியலன்னு வண்டியே சொல்லுதே, காதுல விழல?"

கத்திவிட்டு அவரே நின்றுவிட்டார்.

ஈஸ்டர் முடிந்த வாரம் இன்பம் சொன்னாள். "ஷூ கம்பெனி மாடிப்படி ஏறினா நெஞ்ச அடைக்குதுங்க. பாதியில நின்னுட்டுத்தான் ஏர்றேன்." அவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான கீற. ரத்தம் கம்மியா இருக்கும்," என்று அரைக் கிலோ பேரீச்சம்பழம் வாங்கிவந்தார். அவளும் அதைத் தின்றுவிட்டு தினமும் கம்பெனி பஸ் ஏறிப் போனாள். நேற்று செருப்புத் தோல் பெட்டியோடு அதே படியில் விழுந்தாள்.

இருதயம் ரொம்ப நாளாகவே கெட்டிருக்கிறது, மூச்சு வாங்கியிருக்குமே, யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். "ஒங்ககிட்டயாவது சொன்னாளா மாமா?" என்று பொன்மலர் கேட்டபோது, இல்லை என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் செத்தவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போல இருந்தது அவருக்கு. பிளேடால் கறுப்பைச் சுரண்டினார். வேட்டி நுனியால் துடைத்து மூடியை மாட்டினார். "எடு," என்றார்.

வண்டி ஒரு திணறல் இல்லாமல் மேட்டில் ஏறியது.

பின்னால் பொன்மலர் மறுபடி ஆரம்பித்தாள். "அழுத்தக்காரிக்கா நீ. ஒரு வார்த்த சொல்லாம மறச்சிட்டியே. சொல்லியிருந்தா உன்ன உட்டிருப்பமா?"

தேவானந்தம் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அவ மறைக்கல பொன்மலரு. ஈஸ்டருக்கே சொன்னா. நான்தான் நாற்காலியில உக்காரவெச்சிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டேன்."

மூர்த்தி கியர் மாற்றினான். பொன்மலர் திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. வெகுநேரம் கழித்து அவர் கண்ணாடியில் பார்த்தார்.

பொன்மலர் அக்காவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தாள். விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்த கம்பெனிப் பசையை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள்.