குளிசையும் சத்தும்

எனக்குப் பார்வை இருப்பது இடது கண்ணில் மட்டுந்தான். அதிலும் புரை விழுந்து, எழுத்துகள் ஆவிக்குள் நிற்பவைபோலத் தெரியத் தொடங்கியபோது, புத்தகத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். வாசிப்பை விடவில்லை. அதை விட்டால் எனக்கு இருப்பதற்கு வேறு இடமில்லை.

ரொறன்ரோவிலிருந்து தம்பி ஜனா ஒரு போத்தல் அனுப்பினான். லூட்டின், சிங்க், பில்பெரி, ஜிங்கோ இலைச்சாறு. “கண்ணுக்கு நல்ல சத்து, அண்ணா” என்றான். என் மனைவி நேசமலர் அதை என் மருந்துக் குளிசைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. பால்மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒன்று தருவாள். கூடவே வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய பொன்னாங்காணிச் சுண்டலும் இருக்கும்.

புரை ஒப்பரேஷனுக்கு முந்தின கிழமை, கொட்டாஞ்சேனையில் கண் டொக்டர் நபீஸிடம் போனோம். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெள்ளைவிழியில் இருந்த சிவப்புத் திட்டைக் காட்டினார்.

“இது எப்ப வந்த?”

தெரியாது என்று தலையசைத்தேன்.

“இருதயத்துக்கு ரத்தம் உறையாம இருக்க ஒரு குளிசை பாவிக்கிறீங்க. அதைவிட வேற குளிசை ஏதும்?”

“இல்லை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசித்தேன். “இல்லை” என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் டொக்டர் எழுதித் தருவதுதான் குளிசை. வெளிநாட்டிலிருந்து சூட்கேஸில் வருவது சத்து.

டொக்டர் அதை எழுதப் பேனையை எடுத்தார். அப்போது நேசமலர் தன் கைப்பையைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: “இவரிட்டக் கேட்டால் ஓம், இல்லை ரெண்டுதான் வரும், டொக்டர். வீட்டுக்குப் போகப் பிந்தினால் சாப்பாட்டோட குடுக்க இவரின்ர சத்தையும் கொண்டு வந்தனான். அதை இஞ்சயே குடுக்கலாமோ?”

“சத்தா? என்ன சத்து?”

போத்தல் மேசைக்கு வந்தது. டொக்டர் லேபிளைத் திருப்பித் திருப்பி வாசித்தார். அந்தச் சின்ன எழுத்துகளை அவர் இலகுவாக வாசித்தது எனக்குப் பொறாமையாக இருந்தது.

“லூட்டின், சிங்க் பிரச்சினையில்ல. ஆனா புரையை எந்தச் சத்தும் கரைக்காது. இந்த ஜிங்கோதான் கூடாது. உங்கட இருதயக் குளிசையோட சேர்ந்தா ரத்தம் கசியலாம். நான் கண்ணுக்குப் பக்கத்தில ஊசி போட வேணும். உள்ளுக்குக் கசிஞ்சிருந்தா…”

அவர் முடிக்கவில்லை. எனக்கு மௌனங்கள் பிடிக்கும். அந்த மௌனம் மட்டும் பிடிக்கவில்லை.

“கீரை?” என்றாள் நேசமலர்.

“அதுவும் அந்தக் குளிசையோட சேட்டை விடும். நிப்பாட்ட வேணாம். ஒரே அளவாக் குடுங்க. ஒருநாள் மலை மாதிரி, மற்ற நாள் ஒண்டுமில்லாம வேணாம்.”

அந்தச் சத்து நின்றது. ஒப்பரேஷன் தள்ளிப்போனது. திட்டு மறைந்து, இரத்தப் பரிசோதனை சரியாக வந்தபிறகே கத்தி வைத்தார்.

கட்டுப் பிரித்த அன்று, டொக்டரின் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்தபடி எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை, அதில் இருந்த எழுத்துப் பிழை உட்பட, வாசித்து முடித்தேன். திரைக்கு அப்பால் டொக்டரின் குரல் கேட்டது.

“வேற குளிசை ஏதும் பாவிக்கிறீங்களா?”

“இல்லை, தம்பி” என்றது ஒரு பெண்குரல்.

“சத்து?”

“அது… ஓம். மகள் அனுப்பினவ.”

நேசமலர் முழங்கையால் என்னை இடித்தாள். வழமையாக நான் அதற்கும் பேசாமல் இருந்துவிடுவேன்.

“நீர் கதைச்சதாலதான் எனக்குக் கண் இருக்கு” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இமையோரச் சுருக்கங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

“இஞ்சாருங்கோ, டொக்டர் கண்ணைத்தானே திறந்தவர்? வாயும் திறந்திட்டுது!” என்று சிரித்தாள்.