கடல் பக்கத்துச் சுவர்

எங்கள் ஊரில் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தெருவுக்கு வர வேண்டும். மலைச்சரிவில் இருநூறு வீடுகள், கீழே அத்தனை பெரிய கடல். ஆனால் ஒரு வீட்டுக்கும் கடல் பக்கம் ஜன்னல் கிடையாது. அக்கரை ராஜா எங்கள் வழிபாட்டைத் தடைசெய்து விரட்டியபோது முன்னோர்கள் ஏழு படகில் கிளம்பினார்கள். ஆறுதான் வந்து சேர்ந்தன. அதனால்தான் ஊரில் ஆறு தெரு. துரத்தி வரும் கப்பலுக்கு வெளிச்சம் தெரியக் கூடாதென்று கடல் பக்கம் சுவரை அடைத்தே கட்டினார்களாம். முந்நூறு வருஷம் ஆகிவிட்டது. அந்த ராஜாவின் எலும்புகூட மிஞ்சியிருக்காது. ஆனாலும் சபையில் ஜன்னல் கேட்டால் "முன்னோர் கட்டினபடிதான்" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நான் கொத்தனார். ஜன்னல் கேட்டது அக்காவுக்காக. அவள் தையல்காரி. மலைப் பக்க ஜன்னலைத் திறந்தால் பாறைதான் மூக்கில் இடிக்கும், பட்டப்பகலிலும் பல்பு எரிய வேண்டும். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து தைக்கவேண்டும், முடியாவிட்டால் தையலையே விட்டுவிட வேண்டும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டிலிருந்து நான்தான் ஓடுவேன். சோற்றில் கை வைத்தால் போதும், "தம்பி" என்று குரல் வரும்.

"தையலை விட்டுட்டு என்னடா பண்றது? உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்பாள்.

மூன்று முறை மனு கொடுத்தோம். மூன்று முறையும் சபைத் தலைவர் தலையை ஆட்டினார், பக்கவாட்டில். அவர் எங்களுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. எதையும் அளக்காமல் விடமாட்டார் என்பதால் ஊரில் அவருக்கு முழக்கோல் என்று பெயர்.

இந்த மழையில் அக்கா வீட்டுக் கடல் பக்கத்துச் சுவர் ஊறிப் பூச்சு பொத்தென்று விழுந்தது. பூச்சு வேலைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் என்மேல் நம்பிக்கை இல்லாமல் சித்தப்பாவே எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பூச்சு மட்டும்தான். ஒரு கல்லும் நகரக் கூடாது."

"நகராது சித்தப்பா. நீங்களும் நகர வேணாம்."

மிச்சப் பூச்சைக் கொத்தி எடுத்தேன். சுவர் முழுக்கக் கருங்கல். நெஞ்சு உயரத்தில் மட்டும் ஒரு சதுரத்துக்குச் செங்கல். மேலே பாரம் தாங்க ஒரு பழைய படகுப் பலகை. சுவரில் திறப்பு விடாமல் யாரும் அப்படிப் பலகை வைக்கமாட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊறிப்போன செங்கல் ஒன்று தானாகக் கழன்று விழுந்தது. சத்தியமாக நான் தொடவில்லை.

சித்தப்பா எழுந்து வந்து, ஓட்டைக்குள் கையை விட்டார். திறப்பின் அடியில் இருந்த கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. விரலை வெளியே எடுத்தபோது விளக்குக் கரி.

"வெளிச்சம் தெரியக் கூடாதுன்னா இங்க எதுக்கு விளக்கு வச்சாங்க?" என்றாள் அக்கா.

சித்தப்பா விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழாவது படகுக்கும்மா" என்றார். "பின்னால வர்றவங்களுக்கு வழி தெரியணும்ல."

நான் செங்கல் வரிசையைப் பார்த்தேன். ஒன்று ஏறி, ஒன்று இறங்கி, சாந்துகூடச் சரியாக வைக்கவில்லை. என்னிடம் வேலை செய்யும் ஆளாக இருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். அப்புறம்தான் உறைத்தது. அது வேலை தெரியாத கை இல்லை, மனசு வராத கை. எத்தனை வருஷம் விளக்கேற்றிப் பார்த்துவிட்டு இதை அடைத்தார்களோ. பயந்தாங்கொள்ளிகள் என்று அவர்களை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

சித்தப்பா திரும்பப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "புது ஜன்னலுக்குத்தான் அனுமதி இல்ல. இது முன்னோர் கட்டினது. கல்லை எடு." கொஞ்சம் பொறுத்து, "முடிச்சுட்டு என் வீட்டுச் சுவரையும் தட்டிப் பாரு" என்றார்.

நாலாம் நாள் நான் சோற்றில் கை வைத்ததும் "தம்பி" என்று குரல் வந்தது. ஓடினேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, நூல் கோத்த ஊசியைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

"அந்தக் குழியில ஊசி டப்பாவை வச்சுக்கலாமே" என்றேன்.

"அது அதுக்கு இல்லடா" என்றாள்.

சாயங்காலம் அதில் விளக்கேற்றினாள். யாரும் வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் நானும் அவள் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.