முன்பின் பாராத புத்தகம்

லவீனா சேலையோடு கடலுக்குள் இறங்கிவிட்டாள்.

முழங்கால். தொடை. இடுப்பு. ஒவ்வொரு அடிக்கும் சேறு காலைக் கவ்விப் பிடித்தது. ஒரு கையில் சொப்பிங் பையில் சுற்றிய புத்தகம், தலைக்கு மேலே. மறு கையால் தண்ணீரைத் துழாவிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு நீந்தத் தெரியாது. குருநகர்க் கரையில் பிறந்தவள் நீந்தத் தெரியாதென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்ப வைக்க இப்போது நேரமும் இல்லை.

"ஜெசிதா! எழும்பாதை! அப்பிடியே குந்தியிரு!"

நீல நிற வள்ளம் காற்றுக்கு மெல்லச் சுழன்றது. அதன் பின்பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட சிறுமி ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நங்கூரக் கயிறு அவிழ்ந்து தண்ணீரில் இழுபட்டது. தானாக அவிழ்ந்த கயிறு அல்ல. சோளகக் காற்று வள்ளத்தைப் பாசையூர்ப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

லவீனாவுக்கும் வள்ளத்துக்கும் நடுவே தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் கறுத்துக் கிடந்தது. பெரிய படகுகள் வந்துபோகத் தோண்டிய ஆழம் அது.

"ரீச்சர், அங்காலை போகாதையுங்கோ! தாட்டுப்போடும்!" கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பெண்கள் கத்தினார்கள். அவர்களுக்கு முன்னால் ஜெசிதாவின் தாய் இராசாத்தி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கத்தவில்லை. அழவுமில்லை. பெற்ற தாய் இப்படி நிற்பாளா என்று லவீனா அந்த அவசரத்திலும் ஒருகணம் நினைத்தாள்.

ஆண்கள் ஒருவரும் கரையில் இல்லை. எல்லோரும் வெளுத்த சேட்டு மாட்டிக்கொண்டு வாசிகசாலையில் கதிரை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிதா வாசிக்கப் போகிறாள் என்று.

வாசிகசாலையில் லவீனா நடத்திய விடுமுறை வாசிப்பின் கடைசி நாள் இன்று. மற்ற மாதங்களில் அவள் மானிப்பாய்க்கு பஸ் ஏறிப் போய்ப் படிப்பிக்கிற ஆசிரியை. ஆனால் ஆகஸ்ட் வந்தால் அவளுக்கு நெஞ்சு பதறும். விடுமுறைக்குப் புத்தகப் பையை மூலையில் எறிந்த பிள்ளைகளில் சிலர் பிறகு அதை எடுப்பதே இல்லை. பெடியன்கள் வள்ளத்தில் ஏறிவிடுவார்கள். பெட்டைகள் இறால் உடைக்கப் போய்விடுவார்கள். விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கும்போது வகுப்பில் இரண்டொரு வாங்கு காலியாக இருக்கும். யாரும் ஏனென்று கேட்பதில்லை.

அதனால்தான் கோயில் பாதரிடம் கெஞ்சி, பூட்டிக் கிடந்த வாசிகசாலையின் திறப்பை வாங்கினாள். விதி ஒன்றுதான். பிள்ளை ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மறுநாள் வந்து எல்லோருக்கும் முன்னால் நின்று அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால் சுவரில் கட்டிய பழைய வலையில் ஒரு கடதாசி மீன். ஜெசிதாவின் மீன்கள் வலையின் ஒரு பக்கத்தையே நிறைத்துவிட்டன. அவள் கதை சொல்லும்போது மற்றப் பிள்ளைகள் மூக்குச் சிந்தக்கூட மறந்துபோவார்கள். வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல், புத்தகத்தில் உள்ளபடியே வரும்.

அந்தப் பிள்ளையைத்தான் தகப்பன் கனிசியஸ் பள்ளியால் நிற்பாட்டப் போகிறான் என்று விடுமுறையின் நடுவில் செய்தி வந்தது. லவீனா சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனாள்.

கனிசியஸ் முற்றத்தில் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தான். அகன்ற நெஞ்சு. கூத்தில் ராசா வேடத்துக்கு அவனை விட்டால் ஆளில்லை. பத்து வயதில் இடம்பெயர்ந்ததோடு அவன் படிப்பு நின்றது. ஆனால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருதரம் பாடிக் காட்டினால் விடிய விடியப் பாடுவான்.

"அண்ணை, பிள்ளையை மறிக்கப் போறியளாம்?"

"ஓம் ரீச்சர். நீர்கொழும்பிலை என்ரை அக்காவுக்குக் குழந்தை. பாக்க ஆளில்லை. இவள் போய் நிக்கட்டும்."

"படிக்கிற பிள்ளையை ஆரும் ஆயா வேலைக்கு அனுப்புவினமோ?"

"படிக்கிற பிள்ளையோ?" கனிசியஸ் எண்ணெய்க் கையோடு சிரித்தான். "ரிப்போட்டைப் பாத்தியளோ? முழுக்கச் சிவப்பு. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா சிவப்புத் தெரியும் ரீச்சர்."

"ரிப்போட் கிடக்கட்டும்! என்ரை வாசிகசாலையிலை இவளுக்குக் கிட்ட ஒருத்தரும் வரேலாது. எந்தப் புத்தகத்தையும் ஒரே நாளிலை முடிக்கிறாள்."

"அப்ப ஏன் பள்ளிக்கூடத்திலை சிவப்பு?"

"அவையளுக்குப் பிள்ளையைப் பாக்கத் தெரியேல்லை."

அடுப்படி வாசலில் நின்ற இராசாத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ஜெசிதா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

கனிசியஸ் இயந்திரத்தை விட்டு எழுந்தான். "சரி ரீச்சர். நீங்கள் படிச்ச ஆள், பேய்க்காட்ட மாட்டியள். கடைசி நாளிலை ஒரு புதுப் புத்தகம் கொண்டு வாங்கோ. ஊரிலை ஒருத்தரும் பாக்காத புத்தகம். சனத்துக்கு முன்னாலை இவள் அதை விரிச்சு வாசிக்கட்டும். வாசிச்சாளெண்டா, நான் வாயைப் பொத்திக்கொண்டு படிப்பிக்கிறன். எவ்வளவு தூரத்துக்கெண்டாலும்."

"வாசிக்காட்டி?"

"வாசிக்காட்டி அடுத்த நாள் நீர்கொழும்பு பஸ்."

லவீனா யோசிக்கவே இல்லை. "சரி அண்ணை!" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள். வென்றுவிட்டேன் என்ற நினைப்போடு சைக்கிளை மிதித்தாள்.

இன்று காலை கொழும்பிலிருந்து வந்த பொதியைச் சனத்துக்கு முன்னால் பிரித்தாள். புத்தம் புதுப் புத்தகம். முன்வரிசையில் கனிசியஸ், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, மாப்பிள்ளை மாதிரி. ஆனால் ஜெசிதாவைக் காணவில்லை. "வயித்துக்குத்தெண்டவள்," என்று இராசாத்தி முணுமுணுத்தாள். லவீனா புத்தகத்தோடு வீட்டுக்கு ஓடினாள். வீடு திறந்து கிடந்தது. வலை பொத்திய பெண்ணொருத்தி, "உவள் வெள்ளைச் சட்டையோடை வள்ளம் கட்டுற ஜெற்றிப் பக்கமெல்லோ போனவள்," என்றாள். பின்னாலேயே ஓடிவந்த இராசாத்திதான் வள்ளத்தை முதலில் கண்டது.

"ரீச்சர், கிட்ட வராதையுங்கோ!"

ஜெசிதாவின் குரல் காற்றில் அறுந்து அறுந்து வந்தது. லவீனாவுக்குத் தண்ணீர் இப்போது மார்பு மட்டத்துக்கு.

"ஏன் மேனை? ஆர் உன்னை வெருட்டினது? அப்பாவோ?"

"இல்லை. நான் வாசிக்க மாட்டன்."

"சனத்துக்குப் பயமோ? தவக்காலக் கூத்திலை ராசகுமாரன் வேசங்கட்டி உவ்வளவு சனத்துக்கு முன்னாலை பாடினனியெல்லே? அண்டைக்கு வராத பயம் இண்டைக்கு எங்காலை வந்தது?"

"அது வேறை ரீச்சர்."

"என்ன வேறை?"

வள்ளம் இன்னும் கொஞ்சம் விலகியது. லவீனாவின் பல் கிட்டித்துக்கொண்டது. இந்தப் பிள்ளை இன்று கரைக்கு வராவிட்டால் நாளைக்கு பஸ்ஸில் ஏற்றுவார்கள். பிறகு யார் வீட்டுக் குழந்தைக்கோ பால் கரைத்துக்கொண்டு, யார் வீட்டுத் துணியோ தோய்த்துக்கொண்டு... இல்லை. விடமாட்டாள்.

அடுத்த அடியை வைத்தாள்.

அங்கே தரையில்லை.

கண், மூக்கு, வாயெல்லாம் உப்பு. சேலை காலைச் சுற்றிக் கட்டியது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. ஜெசிதா "ரீச்சர்!" என்று வீரிட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. மாதாவே, பிள்ளையைப் பார், என்று மட்டும் நினைத்தாள்.

பிடரியில் ஒரு கை விழுந்தது. இரும்புக் கை. முடியோடு சேர்த்துப் பிடித்து இழுத்தது. தண்ணீர் கிழிந்தது. வெளிச்சம்.

"விசரே ரீச்சர் உங்களுக்கு!" கனிசியஸ். பெண்களின் கத்தல் கேட்டு ஓடிவந்தவன், வெளுத்த சேட்டோடு அப்படியே பாய்ந்திருந்தான். ஒரு கையால் அவளை இழுத்துக்கொண்டு நீந்தி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தான். அவளை மேலே தள்ளினான். தானும் ஏறினான். மூன்று பேரும் வள்ளத்துக்குள் மூச்சு வாங்கினார்கள். லவீனாவின் கையில் பை அப்படியே இருந்தது. எப்படி விடாமல் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கனிசியஸ் மகளை அடிக்கப் போகிறான் என்று நினைத்து லவீனா குறுக்கே நகர்ந்தாள். அவன் அடிக்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவினான்.

"கயிறை நீயோ அவிட்டனி?"

ஜெசிதா தலையாட்டினாள்.

"எங்கை போக?"

"தெரியாது அப்பா."

கனிசியஸ் கரையைப் பார்த்தான். வாசிகசாலைச் சனம் முழுக்க இப்போது கரையில் நின்றது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இஞ்சை பார் மகள். உந்தச் சனம் வேண்டாம். வாசிகசாலையும் வேண்டாம். எனக்கு மட்டும் வாசி. ஒரு பக்கம் வாசி, காணும். என்ரை பிள்ளை வாசிக்கிறதை என்ரை காதாலை கேக்கோணும், அவ்வளவுதான். கேட்டா இப்பவே மாமிக்குப் போன் எடுத்துப் பிள்ளை வராதெண்டு சொல்லிப்போடுவன்."

"அண்ணை, பிள்ளை பயந்துபோய் இருக்கிறாள். இண்டைக்கு விடுங்கோ," என்றாள் லவீனா.

"இல்லை ரீச்சர். சொன்ன சொல் சொன்ன சொல்தான். எல்லாம் சிவப்பு, வாசிப்பும் இல்லையெண்டா நான் என்னத்தை நம்பி மறிக்காமல் விடுறது?"

லவீனா பையைப் பிரித்தாள். இறுக்கிச் சுற்றியிருந்ததால் புத்தகம் நனையவில்லை. அதை ஜெசிதாவின் மடியில் வைத்து, அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள்.

"ஒரே ஒரு பக்கம், குஞ்சு. எனக்காண்டி."

ஜெசிதா கரையைப் பார்த்தாள். தாயைத் தேடினாள். இராசாத்தி தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். பிள்ளை புத்தகத்தைத் திறந்தாள். வலப்பக்கம் ஒரு படம்: கடலுக்குள் ஒரு வெளிச்சவீடு, அதன் அடியில் ஓர் ஆமை. இடப்பக்கம் எழுத்து. சுட்டுவிரலை எழுத்தின் மேல் வைத்தாள்.

"கடலின் நடுவே ஒரு வெளிச்சவீடு தனியாக நின்றது. அதற்கு ஒரேயொரு சிநேகிதன். அது ஓர் ஆமை."

குரல் முதலில் உடைந்தது. பிறகு நிமிர்ந்தது. விரல் எழுத்தின் மேல் இடமிருந்து வலமாக நகர்ந்தது, வரி முடிந்ததும் கீழே இறங்கியது.

"ஒருநாள் வெளிச்சவீட்டின் விளக்கு அணைந்துபோயிற்று. ஆமையே, கப்பல்கள் கல்லில் மோதப் போகின்றனவே, நான் என்ன செய்வேன் என்று வெளிச்சவீடு அழுதது. ஆமை சொன்னது, பயப்படாதே..."

கனிசியஸ் கண்ணை மூடியிருந்தான். மேடையில் ராசாவாக நின்று சனத்தை அழவைக்கிறவன், இப்போது குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு அழுதான். பக்கம் முடிந்ததும் சேட்டுப் பையிலிருந்து போனை எடுத்தான். அதிலிருந்து கடல் ஒழுகியது. அழுகையோடு சிரித்தான்.

"செத்துப்போச்சு. பரவாயில்லை. கரைக்குப் போய் ஆரின்ரையாவது போனிலை சொல்லுவம். நீ எங்கையும் போகேல்லை மேனை!" பிறகு லவீனாவின் பக்கம் திரும்பினான். "சரியாத்தானே வாசிச்சவள், ரீச்சர்?"

லவீனா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். பிள்ளையின் விரல் இன்னும் கிடந்த பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது.

"ரீச்சர்?"

"ஓம் அண்ணை," என்றாள் லவீனா. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஒரு எழுத்துப் பிழையில்லை."

கனிசியஸ் வள்ளம் தள்ளும் தடியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான். "வாசிச்சவள்! என்ரை பெட்டை வாசிச்சவள்!" என்று கரையைப் பார்த்து ராசா குரலில் முழங்கினான். கரை கை தட்டியது.

லவீனா புத்தகத்தைத் தன் மடிக்கு எடுத்தாள். பிள்ளையின் விரல் ஓடிய இடப்பக்கத்தில் ஆமை இல்லை, வெளிச்சவீடு இல்லை; அவை வலப்பக்கப் படத்தில் மட்டும்தான் இருந்தன. பதிப்பகத்தின் விலாசம் இருந்தது. அச்சகத்தின் பெயர் இருந்தது. தொலைபேசி இலக்கம் இருந்தது. கதை அதற்கு அடுத்த தாளில்தான் தொடங்கியது.

விடுமுறை முழுக்க ஒவ்வொரு பிள்ளையிடமும் "கதையைச் சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். ஒருநாளாவது, ஒரு பிள்ளையிடமாவது, "வாசி" என்று கேட்டிருக்கிறாளா? ஒருதரம் கேட்டதை விடிய விடியப் பாடுகிற ஆட்களின் ஊரில் இருந்துகொண்டு?

"ஜெசிதா," என்றாள் உதட்டளவில். "உண்மையைச் சொல்லு. இவ்வளவு நாளும் என்னெண்டு..."

பிள்ளை தகப்பனின் முதுகைப் பார்த்தாள். பிறகு லவீனாவின் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"அம்மாதான் அடுப்படியிலை வச்சு வாசிப்பா. நான் ஒருக்காக் கேட்டா மனப்பாடமாக்கிப்போடுவன். உந்தப் புத்தகத்தை அம்மா இன்னும் வாசிச்சுத் தரேல்லை, ரீச்சர். எனக்கு எழுத்து ஒண்டும் தெரியாது."