தோர்ண்டன் ஹீத்தில் மிளகு கேட்ட படை

நவம்பர் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, ரோமாபுரியை முற்றுகையிடப் புறப்பட்ட கோத்தர் படை வழி தவறி வந்து, தோர்ண்டன் ஹீத்தில் இராஜேந்திரனின் பலசரக்குக் கடையை முற்றுகையிட்டது. அன்று முருங்கைக்காய் வரவில்லை, வாழைப்பூ வந்திருந்தது. குதிரைகள் கடை வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை நின்றன. பஸ்கள் அவற்றின் ஊடாகவே போய் வந்தன. சனமும் தாராளமாக உள்ளே வந்து கருவாடு வாங்கிக்கொண்டு போனது. இராஜேந்திரனுக்கும் அவர் மனைவி தவநாயகிக்கும் மட்டும்தான் வாசற்படிக்கு அப்பால் ஓரடி வைக்க ஏலாது. வைத்தால் ஈட்டி நீளும். வாகனங்களுக்குத் தண்டம் எழுதுகிறவர் வந்து பார்த்தார். வாகனம் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் ஒரு குளம்பும் படவில்லை என்று சொல்லிப் போய்விட்டார்.

தூதன் வந்து பொன், வெள்ளி, பட்டுச் சட்டை, சிவப்புத் தோல், மூவாயிரம் இறாத்தல் மிளகு என்று கேட்டான். முதல் நான்கும் பலசரக்குக் கடையில் கிடையாது என்று கண்டதும் அவற்றை விட்டுவிட்டான். மிளகில்தான் பிடியாக நின்றான். அந்தப் பொல்லாத வேளைக்குக் கடையில் மிளகு இருந்தது! யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பழகிய கை இராஜேந்திரனுடையது. எதையும் ஒன்றுக்கு இருபதாக வாங்கி அடுக்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது. பின்னறையில் மிளகு மூட்டை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தோசை மாவு வாங்க வந்த கல்யாணசுந்தரம்தான் விளக்கம் சொன்னார். கும்பகோணத்துக்காரர், வங்கியில் வேலை, சரித்திரம் படிக்கிற பழக்கமும் உண்டு. "இது ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுண்ணே. கோத்தர் வந்து சுத்தி வளைச்சப்போ ரோம்காரங்க மிளகைக் குடுத்து அனுப்பிச்சாங்க. நீங்களும் குடுத்துடுங்க, போயிடுவாங்க."

"கப்பம் எண்டு கேட்டால் ஒரு மணியும் குடுக்கமாட்டன்," என்றார் இராஜேந்திரன். "தொண்ணூற்றைஞ்சிலை ஆமி ஷெல்லடிச்சுக்கொண்டு வருதெண்டு வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டனான். திறப்பு இன்னும் என்னட்டை இருக்கு, வீடு இல்லை. இனி ஓடவும் மாட்டன், குடுக்கவும் மாட்டன்."

தவநாயகிக்கு ரோமாபுரியும் வேண்டாம், மிளகும் வேண்டாம். நகரத்தின் மறுபக்கம் பிளேஸ்டோவில் மகள் ஜதுர்ஷிகாவுக்கு இது தலைப்பிள்ளை, இன்றோ நாளையோ என்றிருந்தது. பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போகாமல் யார் போவது? மருமகன் துஷாந்தன் நல்ல பிள்ளை, ஆனால் நூடில்ஸுக்கு மேல் அவனுக்கு அடுப்பு தெரியாது. முற்றுகை தொடங்கிய அன்றே போனும் செத்துவிட்டது. கல்யாணசுந்தரத்திடம் சொல்லி அனுப்பினாள். அந்த மனிதன் ஒரு எழுத்து விடாமல் கோத்தர் படை, குதிரை, ஈட்டி என்று வெளியே போய்த்தான் அனுப்பினார். பிளேஸ்டோவில் போய்ச் சேர்ந்ததோ, 'கடையில் கொஞ்சம் வேலையாம்' என்று மட்டும். மூன்று தரம் அனுப்பியும் அப்படித்தான்.

ஒன்பதாம் நாள் பெண்குழந்தை பிறந்தது. மகளின் பதிலைக் கல்யாணசுந்தரம் வாசிக்கத் தயங்கினார். தவநாயகி அவருடைய போனைப் பறித்துப் பார்த்தாள். 'அம்மாவுக்கு எப்பவும் கடைதான் பெரிசு.' அவள் பருப்பு மூட்டையின் மேல் இருந்து ஒப்பாரி வைக்காத குறையாக அழுதாள். யாரைத் திட்டுவது என்றே அவளுக்கு விளங்கவில்லை. வாசலில் நிற்கிறவனையா, மிளகுக்குக் காவல் இருக்கிற மனுசனையா? முன்பு ஊரில் சுற்றி நிற்கிறவன் யார், உள்ளே இருக்கிறவன் யார் என்றாவது தெரிந்தது. இப்போது அந்தத் தூதனே கடைக்குள் வந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் குளிர் காய்ந்துவிட்டு, வெளியே போய் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

கிறிஸ்துமஸ் சோடனை வந்தது. குதிரைக் கழுத்துகளிலும் யாரோ சரிகைத்தாள் சுற்றிவிட்டார்கள். பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் பின்னேரம் தவநாயகிக்குப் பொறுக்க முடியவில்லை. போக ஏலாவிட்டாலும் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கிற பத்தியச் சரக்காவது வறுத்து வைப்போம் என்று, மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்புச் சுக்கு எல்லாவற்றையும் பின்னறை அடுப்பில் போட்டாள். வாசம் தெருவுக்குப் போனது. படையின் பின்புறத்தில் மாட்டுவண்டிகள் நின்றதை அவள் அதுவரை கவனித்ததில்லை. அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு பெண் இறங்கி, பச்சைப்பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். பிள்ளை வாய் வைப்பதும் வீறிடுவதுமாக இருந்தது. பால் இல்லை என்று சொல்ல யாருக்குப் பாஷை வேண்டும்?

"ஐயோ, எத்தினை நாள் பிள்ளையடி இது?" என்று கேட்டுக்கொண்டே தவநாயகி அந்தச் சரக்கைப் போட்டு வைத்த கறியையும் சோற்றையும் தட்டில் போட்டு நீட்டினாள். கை படியைத் தாண்டியது. ஒரு ஈட்டியும் அசையவில்லை.

இராஜேந்திரன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தூதனைக் கூப்பிட்டார். "வண்டியளுக்கை இப்பிடி எத்தினை பேர் இருக்கினம்?" அவன் இரண்டு கை விரல்களையும் நாலு தரம் விரித்தான். இராஜேந்திரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "விசரா! பிள்ளைப்பெத்தவளுக்கு எண்டு கேட்டிருந்தால் முதல் நாளே தந்திருப்பனே! அதுக்கு ஏன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தனீ?" ஏசிக்கொண்டே மூட்டைகளை உருட்டி வெளியே தள்ளினார். தூதன் தலையைச் சொறிந்தான். கேட்டது கிடைத்துவிட்டது, இனி என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவர்கள் போகவுமில்லை. மறுநாள் காலை தவநாயகி பையைத் தூக்கியபோது மட்டும் குதிரைகள் ஒதுங்கி வழி விட்டன.

முப்பத்தொன்று, பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீங்குகிற துடக்குக் கழிவு நாள். பத்து மணிக்குப் பிளேஸ்டோவில் கதவைத் திறந்த ஜதுர்ஷிகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். தவநாயகியின் கோட்டில் குதிரை மயிர் ஒட்டியிருந்தது.

"ரோட்டிலை ஆமி நிண்டது, பிள்ளை," என்றாள் தவநாயகி.

பிறந்த நாளிலிருந்து தாய் தகப்பன் வாயில் மகள் கேட்டு வளர்ந்த சொல் அது. ஜதுர்ஷிகா குழந்தையைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்துவிட்டு, சரக்குப் பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் சமைக்கப் போனாள்.