சகாயராஜுக்கு வந்த ஐஸ்

ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் டாக்டர்கள் கூட்டத்தில் அனுசுயா பேச வேண்டும். அவசர சிகிச்சையில் அண்மையில் வந்த ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பது தலைப்பு. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் பிரதி எடுத்த கட்டுரைகளை, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்தே படித்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலானவை இங்கே இல்லாத கருவிகளையும் இங்கே கிடைக்காத மருந்துகளையும் பற்றியவை.

"நம்மூருக்கு ஒத்து வர்றாப்ல ஒண்ணாச்சும் இருக்குதுங்களா அம்மிணி?" என்று போகிற போக்கில் கேட்பார் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் பொங்கியண்ணன். "இல்லாட்டிப் போகுது. போண்டா நல்லா இருந்தாச் சரி. வர்றவிங்க அதுக்குத்தான் வர்றாங்க."

ஒன்று இருந்தது. நின்றுபோன இதயத்தை மீட்டபின் உடம்பை ஒரு நாள் வரை குளிரவைத்தால் மூளை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று முந்தைய ஆண்டு இரண்டு ஆய்வுகள் வெளிவந்திருந்தன. அதற்கு ஐஸே போதும். ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் இதயம் தாறுமாறாகத் துடித்து விழுந்தவர்கள். மூச்சடைத்து விழுந்தவர்களுக்கும் இது பலிக்குமா என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. அந்த இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை சகாயராஜைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாயப்பட்டறைக் கழிவுத்தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் விஷவாயுவில் மயங்கி விழ, அவரைத் தூக்க இவன் இறங்கியிருக்கிறான். அவர் தொட்டியிலேயே முடிந்துபோனார். இவனுடைய இதயம் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நின்றது. நெஞ்சை அமுக்கி மீட்டார்கள். துடிப்பு வந்தது, மூச்சு மெஷினில் ஓடியது, கண் திறக்கவில்லை. ஐஸ் வைத்துக் குளிரவைத்துப் பார்க்கலாமா என்று அனுசுயா கேட்டாள்.

"செய்யுங்க. இனி கெட்டுப்போறதுக்கு என்னங்க இருக்குது?" என்றார் பொங்கியண்ணன்.

வெளியே சகாயராஜின் மனைவி ஆஷாவும் அண்ணன் அந்தோணிராஜும் நின்றிருந்தார்கள். நாசரேத் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். ஆஷாவின் சேலையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

"மூளைக்குக் காத்து போகாம இருந்திருக்கு. உடம்பைக் குளிர்ச்சியா வச்சுப் பாக்கப் போறோம். முழிப்பாருன்னு உறுதி சொல்ல முடியாது," என்றாள் அனுசுயா.

"என்ன வேணும்னாலும் செய்ங்க டாக்டரம்மா." ஏசி அறையைச் சொல்கிறார்கள் என்று ஆஷா நினைத்திருக்க வேண்டும்.

மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளங்கள் ஆட்டோவில் வந்து பின்வாசலில் இறங்கின. ஆயா ரங்காத்தாள் அவற்றை உடைத்து, பனியன் பேக்கிங் கவர்களில் நிரப்பினாள். "இந்தக் கவரு சீமைக்குப் போற கவருங்கம்மிணி, நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்திருக்குது பாருங்க." கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தார்கள். வெப்பம் மெல்ல இறங்கியது.

மதியம் ஆஷாவை உள்ளே விட்டார்கள். அவள் கணவனின் பாதத்தைத் தொட்டாள். கவர்களைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் அந்தோணிராஜ் காவலாளியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

"ஐஸ்லயா வச்சிருக்கீய? எங்க அப்பாவ இப்பிடித்தான் வச்சிருந்தோம், இவன் ஊரு வந்து சேருத வரைக்கும். செத்துட்டான்னு சொல்லித் தொலைய வேண்டியதானே!"

"உயிரோட இருக்காருங்க. துடிப்பு ஓடுது பாருங்க."

"மெஷினுல்லா ஓடுது! பட்டறை மொதலாளி தப்பிச்சு ஓடுத வரைக்கும் மறைக்கீயளோ?"

அனுசுயா அவன் விரல்களைப் பிடித்துத் தம்பியின் கழுத்தில் வைத்தாள். சில்லிட்ட தோல் பட்டதும் அவன் கையை உதறினான். "பொணம் மாதிரி இருக்கான்."

பட்டறை ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பொங்கியண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"எடுத்துருங்கம்மிணி. கண்ணாடி ஒடையறதுக்குள்ள எடுத்துருங்க."

"நாளைக்குக் காலை வரைக்கும் இருந்தாத்தான் சார்..."

"உங்க பேப்பர்ல இருக்கறவிங்களுக்கு அண்ணந்தம்பி இல்லீங்களாட்ட இருக்குது."

கவர்களை எடுத்தார்கள். ஆஷா போர்வை கேட்டு வாங்கிப் போர்த்தினாள். பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அவள் முகம் மலர்ந்திருந்தது.

"சூடு வந்துட்டு பாத்தீயளா! ஐஸ எடுக்கவும் உசுரு திரும்பிட்டு."

அந்தோணிராஜ் கூச்சத்தோடு நின்றான். "கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்கிடாதீய."

வெப்பமானி நூற்றுமூன்றைத் தாண்டியிருந்தது. டார்ச் அடித்தும் சகாயராஜின் கண்மணிகள் சுருங்கவில்லை. அது மூளை கெட்ட காய்ச்சல். அனுசுயா மாத்திரையைக் குழாய் வழியே கொடுக்கச் சொன்னாள். ஈரத்துணியை எடுத்த ரங்காத்தாளை ஆஷா பார்த்த பார்வையில், அவள் துணியைக் கீழே வைத்துவிட்டாள். ஐஸ் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று யாரும் கேட்கவில்லை. ஆஷா தேய்ப்பதை நிறுத்தாமல், "முழிச்சதும் காப்பி குடுக்கலாமா?" என்றுதான் கேட்டாள்.

"முழிக்க மாட்டாரும்மா. மூளை போயிருச்சு."

"உடம்பு சுடுதே," என்றாள் ஆஷா.

மறுநாள் காலை சகாயராஜ் இறந்தான். ஆஷா கத்தவில்லை, அதை முந்தின நாளே முடித்துவிட்டவள் போல உட்கார்ந்திருந்தாள். பிரேதப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அனுசுயா அறைக்குத் திரும்பியபோது, அந்தோணிராஜ் கதவோரம் நின்றான்.

"டாக்டரம்மா, அந்த ஐஸ் எங்க வாங்குனீய? அறுத்துக் குடுத்த பொறவு வீட்ல வைக்கணும். எங்கம்மா நாளைக்குத்தான் வந்து சேருவா."

அனுசுயா கையால் வழி காட்டினாள்.

"பின்வாசல்ல ரெண்டு பாளம் மிச்சம் இருக்கு. மரத்தூள் போட்டு மூடியிருக்கு."

"நல்லதும்மா," என்று சொல்லிவிட்டு அவன் பின்வாசல் பக்கம் நடந்தான்.