தட்டு தெரிகிறது

எங்கள் விளையாட்டு வளாகத்துக்கு ஐம்பது வயது ஆனதைக் கொண்டாட வழவழ காகிதத்தில் ஒரு மலர் போட்டார்கள். அட்டையில் நீச்சல் குளம். நான்தான் அந்தக் குளத்தின் பம்ப் ஆபரேட்டர். பதினேழு வருஷமாக அந்தத் தண்ணீரோடு மாரடிக்கிறேன். மலரில் இரண்டு பக்கம் புரட்டியதுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

வளாகம் எழுந்த இடம் 'பசுமை போர்த்திய சமவெளி'யாம். வாய் கூசாமல் எழுதியிருக்கிறார்கள். அது ஊர்க்குப்பை கொட்டிய இடம். இன்றைக்கும் ஒரு மழை பெய்தால் கால்பந்து மைதானத்தின் வடக்கு மூலையில் பிளாஸ்டிக்கும் எலும்பும் எட்டிப் பார்க்கும். விவரம் தெரிந்த கோல்கீப்பர் அந்தப் பக்கம் பாய மாட்டான், கோல் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவான். உள்ளரங்கம் 'எண்ணற்ற சாம்பியன்களை உருவாக்கிய'தாம். எனக்குத் தெரிந்து கடைசிப் பத்து வருஷத்தில் அது உருவாக்கியது குப்பை மட்டும்தான். ஒரு வாரம் சோபா கண்காட்சி, மறுவாரம் பாட்டுக் கச்சேரி, அதற்கடுத்து யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. பேட்மிண்டன் ஆடப் போகிறவர்கள் முதலில் தரையில் காய்ந்த ஐஸ்கிரீமைச் சுரண்ட வேண்டும். ஸ்கேட்டிங் தளம் 'விரைவில் புதுப்பொலிவு பெறும்'. உடைந்த நாற்காலிகளை அங்கேதான் அடுக்கியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு நாய் அதற்குள் ஆறு குட்டி போட்டது. பல வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் ஒழுங்காக நடந்த நிகழ்ச்சி அது ஒன்றுதான்.

குளத்துக்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். 'ஐம்பது ஆண்டுகளில் ஒருநாள்கூடத் தெளிவு குறையாத குளம். ஆதாரம்: தினசரிப் பதிவேடு.'

அந்த ஆதாரத்தின் லட்சணத்தை நான் சொல்கிறேன். குளம் திறந்த முதல் வருஷம் ஒரு கல்லூரி மாணவன் ஆழமான பக்கத்தில் மூழ்கிவிட்டான். தண்ணீர் கலங்கலாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அவன் கீழே கிடக்க, மேலே நாற்பது பேர் சிரித்துக்கொண்டு நீந்தினார்கள். மறுநாள் மதியம்தான் கண்டுபிடித்தார்கள். மலரில் இதைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. அதற்குப் பிறகுதான் அன்றைய ஆபரேட்டர் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கறுப்பில் பெருக்கல் குறி போட்டு, ஆழமான பக்கத்தின் அடியில், வடிகால் கம்பியோடு கட்டினார். காலையில் கரையில் நின்று பார்க்க வேண்டும். குறி தெரிந்தால் பதிவேட்டில் 'தட்டு தெரிகிறது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் குளத்தைத் திறக்கலாம். தெரியாவிட்டால் ஒருத்தரும் இறங்கக் கூடாது.

நல்ல வழக்கம்தான். எங்கள் ஆட்கள் கையில் கிடைத்தால் எது உருப்படும்? தினமும் எழுதக் கை வலிக்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் 'தட்டு தெரிகிறது' என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்துவிட்டார். மாதம் பிறந்தால் முப்பது நாளுக்கும் ஒரே மூச்சில் குத்திவிடுவார்கள். குளத்தை வற்றவைத்து ஓடு பதித்த எட்டு மாதமும் பதிவேட்டில் தட்டு தெரிந்திருக்கிறது. அது ஒன்றுதான் உண்மை. சொட்டுத் தண்ணீர் இல்லாத குளத்தில் தட்டு தெரியாமல் என்ன செய்யும்?

இப்போது என் தங்கைக்கு வருகிறேன். அவள் இதே வளாகத்தில் நீச்சல் கோச். ஒன்பது வருஷமாக ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் மனுப்போட்டு நிற்க வேண்டும். இந்த விழாவில் அவளுக்கு நிரந்தர உத்தரவு கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வளாகத் தலைவர் ரிப்பன் வெட்டியதும் அவளுடைய மாணவர்கள் இருபத்திநான்கு பேர் ஆழமான பக்கத்தில் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும். எல்லாம் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்கள் நீந்தி முடித்ததும் மேடையில் உத்தரவு. பம்ப் பழுதாகிக் குளம் ஐந்து மாதம் மூடிக் கிடந்ததால், ஒரு பள்ளிக்கூடத்துக் குளத்தைக் கெஞ்சி வாங்கி அவர்களைத் தயார்படுத்தியிருந்தாள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பம்ப்பைச் சரிசெய்து, வடிகட்டித் தொட்டியின் மூடியைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அறைந்தது. தண்ணீரை வடிகட்டுகிற மணலை மாற்றி ஒன்பது வருஷம். அது மணலாகவா இருந்தது? முடியும் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து களிம்பாகிக் கிடந்தது. நடுவில் புண்ணுக்கு ஒட்டிய பிளாஸ்திரிகள், சூயிங்கம், யாருடையதோ ஒரு பொய்ப்பல். இதற்குள் புகுந்து வருகிற தண்ணீரில்தான் பிள்ளைகள் வாயைத் திறந்து மூச்சு வாங்க வேண்டும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேலாளரிடம் போனேன். அவரை நாங்கள் 'சென்ட்' என்போம். அவர் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும், அவர் போன பிறகும் போகாது.

"சார், மணல் மாத்தாம தண்ணி தெளியாது."

"மணலுக்கு டெண்டர் போடணும்யா. விழா முடியட்டும், பாத்துக்கலாம்."

என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். மருந்து போட்டேன், தொட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். தண்ணீர் திரிந்த பால் மாதிரியே நின்றது. விழாவன்று காலை சென்ட் ஒரு கேனோடு வந்தார். நீலச் சாயம்.

"ஊத்து. போட்டோவுல சும்மா கும்முனு வரும்."

ஊற்றியாயிற்று. அரை மணி நேரத்தில் குளம் வானத்தை உரித்துப் போட்ட மாதிரி பளபளத்தது. பந்தல் போட வந்தவர்கள்கூட வாய் பிளந்து பார்த்தார்கள். நான் ஆழமான பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். தட்டு கிடக்கட்டும், ஏணியின் மூன்றாவது படியே தெரியவில்லை. சென்ட் பதிவேட்டையும் ஸ்டாம்ப்பையும் நீட்டினார்.

"குத்துய்யா."

"சார், தட்டு தெரியல."

"உன் தங்கச்சி ஆர்டர் என் ஃபைல்லதான் இருக்கு. அது தெரியுதா?" என்று சிரித்தார்.

குத்தினேன். கையெழுத்தும் போட்டேன். என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

பத்து மணிக்குத் தங்கை பிள்ளைகளோடு வந்தாள். பதிவேட்டைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னண்ணா, தண்ணி இவ்ளோ நீலமா இருக்கு? தட்டு தெரியுதா?"

"அதான் எழுதியிருக்கே."

"எழுதினதைக் கேக்கல, உன்னைக் கேக்கறேன்."

"தெரியுதும்மா. வெயில் அடிக்குதுல்ல, இங்கேருந்து பாத்தா உனக்குக் கண்ணு கூசும்."

"நீ சொன்னா சரி" என்றாள்.

அவள் பிள்ளைகளை வரிசைப்படுத்தப் போய்விட்டாள். சிவப்புத் தொப்பி போட்ட இருபத்திநான்கு தலைகள். எல்லாரும் குதித்து, இருபத்திமூன்று மட்டும் மேலே வந்தால்? எங்கே என்று தேடுவது? மேடையில் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். பசுமை போர்த்திய சமவெளியில் தொடங்கினார். மலரை அப்படியே ஒப்பித்தார். கால்பந்து மைதானம் முடிந்தது, உள்ளரங்கம் முடிந்தது, ஸ்கேட்டிங் தளத்துக்கு வந்தார். அடுத்தது குளம், அதற்கடுத்தது ரிப்பன்.

மேடைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். தங்கையின் காதிலாவது சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் சுற்றிப் போய், காக்கி உடுப்போடு ஏணியைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். அடியில் உட்கார்ந்துகொள்வேன், யாராவது தேடட்டும், தெரியவில்லை என்று அவர்களே கண்டுகொள்ளட்டும். அவ்வளவுதான் என் மூளைக்கு எட்டிய யோசனை.

கண்ணைத் திறந்தால் முகத்துக்கு முன்னால் வைத்த கை தெரியவில்லை. ஓடுகள் வழுக்கின. வடிகால் கம்பியைத் தடவிப் பிடித்தேன், விரலில் முடிக்கற்றை சுற்றிக்கொண்டது. தட்டு கையில் தட்டுப்பட்டது, அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குப் பாசி. மேலே தலைவரின் குரல் முணுமுணுவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. மூச்சு முட்டியது. அப்போது விசில் கேட்டது. அடுத்த நொடி ஏதோ ஒன்று தொப்பென்று விழுந்து, இரண்டு கைகள் என் தோளைத் தடவி, கழுத்தைத் தடவி, சட்டையைப் பிடித்து மேலே இழுத்தன.

தங்கைதான். நான் இறங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவள் தொழில். நான் மேலே வராததும் கரையோரமாக ஓடி ஓடித் தேடியிருக்கிறாள், பிறகு பிள்ளைகள் இறங்காமலிருக்க விசில் ஊதிவிட்டுக் குதித்திருக்கிறாள். நான் அவள் காலுக்கு நேர்கீழே இருந்திருக்கிறேன்.

கரையேறியதும் மூச்சுவாங்கப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் போய் டிரஸ் மாத்துங்க! ஒருத்தரும் தண்ணில கால் வைக்கக் கூடாது!"

தலைவர் மைக்கை மூடிக்கொண்டு, "என்னம்மா இது கூத்து?" என்றார்.

"அடி தெரியல சார். இறங்க முடியாது."

சென்ட் பதிவேட்டோடு ஓடி வந்தார். "பாருங்க சார், தெரியுதுன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டது வேற யாருமில்ல, இவங்க சொந்த அண்ணன்!"

தலைவர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே இறங்கி நடந்தார். உத்தரவு இருந்த ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சென்ட்டும் பின்னாலேயே போனார்.

சென்ட் விட்டுப்போன பதிவேட்டில் என் கையெழுத்தையே தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டியது.

"உன் ஆர்டருக்காகத்தாம்மா குத்தினேன்" என்றேன்.

"ஸ்டாம்ப்பை விடு. நான் உன் மூஞ்சிக்கு நேரா வந்து கேட்டேன்ல?" என்றாள். "தெரியலன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா அப்பவே புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருப்பேன். அதைச் சொல்ல உனக்கு வாய் வரல, செத்த மாதிரி உள்ள போய் உக்காரத் தெரிஞ்சுது. நான் பாக்காம இருந்திருந்தா? நீயும் கீழ கிடப்பே, உன் மேலயே அவங்களைக் குதிக்க விட்டிருப்பேன்."

அப்படி ஒன்று நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். முன்னால் நின்ற சின்னப் பெண் என்னையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"கோச், அவரு உங்க அண்ணன்தானே?"

"அவரு பம்ப் ஆபரேட்டர்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தலையைத் தொட்டாள்.